ஷூ சைஸுக்குள் ஒரு நேர்கோடு: சமன்பாட்டிலிருந்து சாய்வு காண்பது

(பத்தாம் வகுப்பு மாணவ மாணவியருக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஆற்காட்டில் நமது அறக்கட்டளை நடத்திய கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)





கல்விக் கூட்டம் என்றால் கல்வியின் சிறப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு, பரிசு கொடுத்து, தேநீரோடு அனுப்பி வைப்பது வழக்கம். இன்று அப்படிச் செய்யப்போவதில்லை. ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளப் போகிறோம். நேர்கோட்டின் சமன்பாடு கொடுத்திருக்கிறார்கள், அதன் சாய்வைக் கண்டுபிடி என்பதுதான் அந்தக் கணக்கு. பிள்ளைகளுக்குத் தெரிந்த பாடம்தான், ஆயத்தொலை வடிவியலில் வருவது. பெற்றோர்களும் கேட்க வேண்டும் என்றே உங்களையும் அழைத்தோம்.

இந்தக் கணக்கை ஏன் எடுத்தோம் என்று சொல்லிவிடுகிறோம். உதவி கேட்டு வரும் மனுக்களை ஒவ்வோர் ஆண்டும் நாம் பிரித்துப் பார்க்கிறோம். அவற்றில் மேல்படிப்புக்குக் கட்டணம் கேட்பவை ஒரு பக்கம், எங்காவது வேலைக்குச் சொல்லிவிடுங்கள் என்பவை இன்னொரு பக்கம். இரண்டாவது வகையில் உள்ள பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் மனம் கனக்கிறது. மற்ற பாடங்களில் தேறியிருப்பான், கணக்கில் மட்டும் 35-ஐத் தொட்டிருக்க மாட்டான். துணைத் தேர்வு இருக்கிறது, எழுதலாம். ஆனால் அதற்குள் பையன் ஷூ கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்துவிடுகிறான். முதல் சம்பளம் கைக்கு வந்தபிறகு மறுபடி கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறவர் குறைவு. பெண் பிள்ளை என்றால் சம்பளம்கூட வேண்டியதில்லை, ‘போதும்மா, வீட்டிலேயே இரு’ என்று ஒரு வார்த்தை போதும், அவள் படிப்பு முடிந்துவிடுகிறது. மூன்று மதிப்பெண்ணோ நான்கு மதிப்பெண்ணோ குறைந்ததற்காக ஒரு பிள்ளையின் பாதை இப்படித் திரும்புகிறது.

நமது மாலை வகுப்பில் கணக்கு எடுக்கும் ஆசிரியையிடம், பிள்ளைகள் சுலபமாக எடுக்கக்கூடிய மதிப்பெண்ணை எங்கே விடுகிறார்கள் என்று கேட்டோம். அவர் முதலில் காட்டியது இந்தச் சாய்வுக் கணக்கைத்தான். தேர்வுத்தாளில் 14 ஒரு மதிப்பெண் வினாக்கள் இருக்கின்றன. பிறகு இரண்டு மதிப்பெண் பகுதி, ஐந்து மதிப்பெண் பகுதி, கடைசியில் எட்டு மதிப்பெண் வரைபடமும் வடிவியலும். சாய்வு என்பது முதல் மூன்று பகுதிகளிலும் ஏதாவது ஒரு வேடத்தில் வரக்கூடியது. இணைகோடு கேட்டாலும் செங்குத்துக்கோடு கேட்டாலும் உள்ளே இருப்பது சாய்வுதான். பிள்ளைகளுக்குச் சூத்திரம் தெரியாமல் இல்லை, கழித்தல் குறியில் தவறுகிறார்கள் என்றார் அந்த ஆசிரியை.

சரி, கணக்குக்கு வருவோம். புத்தகத்திலிருந்து தொடங்காமல் நம் பிழைப்பிலிருந்து தொடங்குவோம்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்தப் பாலாற்றங்கரை முழுக்கத் தோலும் ஷூவும்தான். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் கட்டிங்கில் இருப்பவர்கள், ஸ்டிச்சிங்கில் இருப்பவர்கள், லாஸ்டிங்கில் இருப்பவர்கள் எல்லாரும் உண்டு. வீட்டில் அப்பர் தைத்துக் கொடுக்கும் சகோதரிகளும் உண்டு. உங்களிடம் ஒரு கேள்வி. 8-ஆம் சைஸ் ஷூ என்கிறோமே, அந்த 8 என்பது எதன் அளவு? எட்டு அங்குலமா? இல்லை. லாஸ்டை எடுத்து அளந்து பாருங்கள், ஏறத்தாழ 11 அங்குலம் இருக்கும். பிறகு 8 எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்து அளவுமுறையின்படி, பெரியவர்கள் ஷூவில் 7-ஆம் சைஸ் லாஸ்டின் நீளம் 10 அங்குலமும் இன்னொரு மூன்றில் இரண்டு பங்கும். 8 என்றால் 11 அங்குலம். 9 என்றால் 11 அங்குலமும் மூன்றில் ஒரு பங்கும். ஒரு சைஸ் ஏறினால் மூன்றில் ஒரு பங்கு அங்குலம் ஏறுகிறது. 5-லிருந்து 6-க்குப் போனாலும் அதே மூன்றில் ஒரு பங்கு, 10-லிருந்து 11-க்குப் போனாலும் அதேதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்த மூன்றில் ஒரு பங்குதான் சாய்வு. வேறொன்றும் இல்லை. ஒன்று ஒரு படி நகரும்போது மற்றொன்று எவ்வளவு நகர்கிறது என்பதே சாய்வு. எங்கே எடுத்துப் பார்த்தாலும் அந்த ஏற்றம் மாறாமல் இருந்தால் வரைபடத்தில் கிடைப்பது நேர்கோடு. மாறினால் அது வளைகோடு.

ஏன் மூன்றில் ஒரு பங்கு என்று யாராவது கேட்கலாம். ஆங்கிலேயர்கள் பழைய காலத்தில் வாற்கோதுமை மணியை வைத்து நீளம் அளந்தார்கள், மூன்று மணி சேர்ந்தால் ஓர் அங்குலம். அந்த ஒரு மணியின் நீளமே இன்றுவரை ஒரு சைஸ். குழந்தைகளின் அளவில் பூஜ்யம் என்பது 4 அங்குலத்தில் தொடங்கும். 13 சைஸ் வரை போனபின் பெரியவர்களுக்கு மறுபடி எண்ணத் தொடங்குவார்கள். ஆகவே பெரியவர்களின் பூஜ்யம் 4 அங்குலத்தோடு 13 மணி சேர்ந்த இடத்தில், அதாவது மூன்றில் 25 பங்கு அங்குலத்தில் விழுகிறது.

இப்போது இதைப் பிள்ளைகளின் மொழியில் எழுதுவோம். சைஸை எக்ஸ் என்போம். லாஸ்டின் நீளத்தை அங்குலத்தில் ஒய் என்போம்.

ஒய் = (1/3) எக்ஸ் + 25/3

இந்த வடிவத்தைத்தான் புத்தகம் ஒய் = எம் எக்ஸ் + சி என்று சொல்கிறது. எக்ஸோடு ஒட்டிக்கொண்டிருக்கும் எண் சாய்வு. தனியாக நிற்கும் எண் ஒய் வெட்டுத்துண்டு, அதாவது சைஸ் பூஜ்யமாக இருக்கும்போது நீளம் எங்கே தொடங்குகிறது என்பது. சரி பார்க்க வேண்டுமா? எக்ஸ் இருக்குமிடத்தில் 8 போடுங்கள். மூன்றில் எட்டு, மூன்றில் இருபத்தைந்து, கூட்டினால் மூன்றில் முப்பத்து மூன்று. 11 அங்குலம் வந்துவிட்டது.

இவ்வளவு வெளிப்படையாக எழுதிக் கொடுத்தால் எல்லாப் பிள்ளையும் சாய்வைச் சொல்லிவிடும். ஆனால் தேர்வில் இப்படிக் கொடுக்க மாட்டார்கள். இதே கோட்டை இப்படி எழுதிக் கொடுப்பார்கள்:

எக்ஸ் − 3ஒய் + 25 = 0

கோடு ஒன்றுதான், எழுதிய விதம் வேறு. இதற்குப் ‘பொது வடிவம்’ என்று பெயர். இதில் சாய்வு என்ன என்று கேட்டால் ஒரு பிள்ளை ‘1’ என்கிறது, எக்ஸோடு இருப்பது 1 தானே என்று. இன்னொரு பிள்ளை ‘−3’ என்கிறது. மூன்றாவது பிள்ளை சூத்திரத்தை நினைவுபடுத்தி ‘−1/3’ என்று எழுதுகிறது. அது கிட்டத்தட்ட சரியான விடைதான், குறி ஒன்றுதான் தவறு. ஆனால் மதிப்பெண் போய்விடும். அர்த்தத்தைப் பாருங்கள், சாய்வு −1/3 என்றால் சைஸ் ஏற ஏற ஷூ சின்னதாகிறது என்று பொருள்! அப்படி ஒரு ஷூவை ஆம்பூரில் யாரும் செய்ததில்லை.

பொது வடிவத்தில் எக்ஸோடு இருக்கும் எண்ணைப் பார்த்ததும் விடை எழுதிவிடக் கூடாது. முதலில் ஒய் ஒரு பக்கத்தில் தனியாக வந்து நிற்க வேண்டும். தனியாக என்றால் முன்னால் எண்ணும் இல்லாமல், கழித்தல் குறியும் இல்லாமல். அதற்குப் பிறகுதான் எக்ஸின் கெழுவைச் சாய்வு என்று படிக்கலாம்.

எப்படித் தனியாக்குவது? எக்ஸ் − 3ஒய் + 25 = 0 என்பதில் 3ஒய் கழிபட்டு நிற்கிறது. இரண்டு பக்கமும் 3ஒய் கூட்டுங்கள். இடப்பக்கம் கழிந்தது சரியாகிவிடும், வலப்பக்கம் 3ஒய் வந்துவிடும்.

எக்ஸ் + 25 = 3ஒய்

இப்போது எல்லாவற்றையும் 3-ஆல் வகுங்கள். எல்லாவற்றையும் என்பதை அழுத்திச் சொல்கிறோம், எக்ஸையும் வகுக்க வேண்டும், 25-ஐயும் வகுக்க வேண்டும். ஒய் = எக்ஸ்/3 + 25/3. சாய்வு 1/3. முடிந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது பிடிக்கும். கழிபட்டு நிற்கும் ஒன்றை இருபுறமும் கூட்டிச் சரிசெய்தோமே, அந்தச் செயலுக்கு அரபியில் ‘ஜப்ர்’ என்று பெயர். ‘அல்ஜப்ர்’ என்பதுதான் அல்ஜீப்ரா ஆனது. பக்தாதில் கலீஃபா மஃமூனின் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 820-இல், முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது. ஜப்ர் என்ற வேருக்கு முறிந்ததைச் சேர்த்துவைப்பது என்று பொருள். ஃபிக்ஹு பாடத்தில் ‘ஜபீரா’ படித்திருப்போம். எலும்பு முறிந்தவர் பத்தை வைத்துக் கட்டியிருந்தால் உளூவில் அதன்மேல் எப்படி மஸஹ் செய்வது என்ற சட்டம் அது. அந்த ஜபீராவும் இந்த அல்ஜீப்ராவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஸ்பெயின் நாட்டில் எலும்பு கட்டுபவரை நெடுங்காலம் ‘அல்ஜெப்ரிஸ்தா’ என்றே அழைத்தார்கள். நம் ஊர்க்காரர்களுக்குச் சொன்னால், புத்தூர் கட்டுப் போடுகிறவர்தான் அல்ஜெப்ரிஸ்தா.

பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால், அல்குவாரிஸ்மியின் நூலில் எக்ஸும் இல்லை, ஒய்யும் இல்லை, சாய்வும் இல்லை. எல்லாக் கணக்கையும் அவர் வார்த்தையாலேயே எழுதினார். வாரிசுரிமைப் பங்கீடு, வியாபாரம், நிலம் அளப்பது, கால்வாய் வெட்டுவது ஆகியவற்றில் மக்களுக்கு வேண்டிய கணக்கு என்றே முன்னுரையில் நோக்கத்தைச் சொல்கிறார். நூலின் பெரும் பகுதி வசிய்யத்தும் வாரிசுப் பங்கும் பற்றியது. நேர்கோட்டையும் சமன்பாட்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் முறை பல நூற்றாண்டுகள் கழித்து, 1637-இல் பிரான்சு நாட்டு டேக்கார்ட் வெளியிட்ட நூலோடுதான் உலகுக்குப் பரவுகிறது. ஆனால் சாய்வு காண நாம் செய்த முதல் வேலை, முறிந்ததைச் சேர்க்கும் அந்த ஜப்ர்தான். ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்று பள்ளியில் மந்திரம்போல் சொல்லித்தருகிறார்கள். குறி தானாக மாறுவதில்லை, இருபுறமும் ஒன்றையே கூட்டுகிறோம் அல்லது கழிக்கிறோம். இதைப் புரிந்துகொண்ட பிள்ளை குறியில் தவறாது.

இன்னொன்று போட்டுப் பார்ப்போம்.

3எக்ஸ் + 4ஒய் − 24 = 0

24 கழிபட்டு நிற்கிறது, இருபுறமும் 24 கூட்டினால் 3எக்ஸ் + 4ஒய் = 24. இனி 3எக்ஸை இருபுறமும் கழிக்க வேண்டும். 4ஒய் = 24 − 3எக்ஸ். நான்கால் வகுத்தால் ஒய் = 6 − (3/4) எக்ஸ். சாய்வு என்ன? சிலர் முதலில் கண்ணில் படுவது 6 என்பதால் 6 என்பார்கள். இடம் முக்கியமில்லை, யார் எக்ஸோடு சேர்ந்திருக்கிறார் என்பதே முக்கியம். விடை −3/4.

நம்பிக்கை வரவில்லை என்றால் சோதித்துக்கொள்ள வழி உண்டு. எக்ஸ் பூஜ்யமானால் ஒய் 6. ஒய் பூஜ்யமானால் எக்ஸ் 8. இந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒய் 6 இறங்கியது, எக்ஸ் 8 நகர்ந்தது. எட்டுக்கு ஆறு இறக்கம், சுருக்கினால் நான்குக்கு மூன்று. ஃபராயிள் படித்த பெரியவர்களுக்குப் பின்னம் சுருக்குவது புதிதல்ல, வீட்டில் பிள்ளைக்கு இந்த இடத்தில் நீங்களே உதவலாம். தேர்வில் இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். குறி தவறியிருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும்.

ஆசிரியர்கள் ஒரு குறுக்குவழியும் தருவார்கள். பொது வடிவத்தில் எக்ஸின் கெழுவை ஒய்யின் கெழுவால் வகுத்து, முன்னால் ஒரு கழித்தல் குறி போடு என்பார்கள். சரியான வழிதான். வேகம் வேண்டிய ஒரு மதிப்பெண் வினாவுக்கு அதுவே நல்லது. ஆனால் 2எக்ஸ் − 5ஒய் + 10 = 0 என்று வந்தால் என்ன ஆகிறது? பிள்ளை ஏற்கெனவே அங்கே ஒரு கழித்தல் குறியைப் பார்க்கிறது, ‘குறி வந்துவிட்டது’ என்று நினைத்து −2/5 எழுதுகிறது. ஒய்யின் கெழு 5 இல்லை, −5. சூத்திரத்தின் கழித்தல் ஒன்று, கெழுவின் கழித்தல் ஒன்று, இரண்டும் சேர்ந்து கூட்டலாகிவிடும். சாய்வு 2/5. குறியைக் கெழுவோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும், கறியை வாங்கும்போது எலும்போடு நிறுப்பதைப் போல.

(சிரிக்கிறீர்கள், ஆனால் இது ஞாபகத்தில் நிற்கும்.)

மறுபடி ஷூவுக்கு வருவோம், ஒரு சுவையான விஷயம் பாக்கியிருக்கிறது. ஏற்றுமதி ஆர்டரில் ஐரோப்பிய சைஸும் வரும், 40, 41, 42 என்று. அந்த முறையில் ஒரு சைஸ் என்பது மூன்றில் இரண்டு பங்கு சென்டிமீட்டர், பூஜ்யத்திலிருந்தே எண்ணிக்கை தொடங்கும். லாஸ்டின் நீளத்தைச் சென்டிமீட்டரில் ஒய் என்றால் சமன்பாடு 2எக்ஸ் − 3ஒய் = 0. ஒய்யைத் தனியாக்கினால் ஒய் = (2/3) எக்ஸ். 42-ஐப் போட்டால் 28 சென்டிமீட்டர். இங்கிலாந்து 8-இன் 11 அங்குலமும் ஏறத்தாழ அதே 28 சென்டிமீட்டர்தான். அதனால் 8-க்கு 42 என்கிறோம், வித்தியாசம் 34.

அப்படியானால் எந்த சைஸாக இருந்தாலும் 34 கூட்டினால் போதுமா? 5-ஐ எடுங்கள். லாஸ்ட் 10 அங்குலம், 25.4 சென்டிமீட்டர். ஐரோப்பிய முறையில் 38-க்குச் சற்று மேல். வித்தியாசம் 33 ஆகிவிட்டது. 11-ஐ எடுங்கள். லாஸ்ட் 12 அங்குலம், 30.48 சென்டிமீட்டர், ஐரோப்பிய முறையில் 46-க்குச் சற்றுக் கீழே. வித்தியாசம் 35-ஐ நெருங்குகிறது. ஏன் இப்படி நழுவுகிறது? இங்கிலாந்துக் கோட்டின் சாய்வைச் சென்டிமீட்டரில் சொன்னால் ஒரு சைஸுக்கு 0.85 அளவு, ஐரோப்பியக் கோட்டின் சாய்வு 0.67 அளவு. சாய்வு வேறு வேறாக இருக்கும் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இடைவெளி ஒரே அளவாக இருக்காது. சாய்வு ஒன்றாக இருந்தால்தான் இடைவெளி மாறாமல் இருக்கும். புத்தகம் இதைத்தான் ‘இணைகோடுகளின் சாய்வுகள் சமம்’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. கடையில் சைஸ் மாற்றிச் சொல்லும் பையனுக்கும் கம்பெனியில் பேட்டர்ன் கிரேடிங் செய்கிறவருக்கும் அந்த ஒரு வரி பிழைப்பு. அடிப்படை சைஸுக்கு ஒரு பேட்டர்ன் வரைந்து, மற்ற சைஸ்களுக்கு அதை ஏற்றி இறக்குவது என்பது சாய்வைக் கையில் வைத்துச் செய்யும் வேலை. ஹெல்பராக நிற்கும் பையனுக்கும் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சம்பளத்தில் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும், நாம் சொல்ல வேண்டியதில்லை.

இறங்கும் கோட்டுக்கு ஓர் உதாரணம் நமது அறக்கட்டளையிலேயே இருக்கிறது. வட்டியில்லாக் கடனாக 6000 ரூபாய் வாங்கிய ஒருவர் மாதம் 500 கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ் மாதம் கழித்து பாக்கி ஒய் என்றால்,

500எக்ஸ் + ஒய் − 6000 = 0

ஒய்யைத் தனியாக்கினால் ஒய் = −500எக்ஸ் + 6000. சாய்வு −500. கழித்தல் குறி இங்கே கெட்ட செய்தி அல்ல, கடன் குறைகிறது என்பதற்கு அதுவே சாட்சி. 9000 வாங்கி அதே 500 கட்டுகிறவருக்குச் சாய்வு அதேதான், கோடு மேலே இணையாக ஓடும், முடிய இன்னும் ஆறு மாதம் அதிகம் ஆகும். தவணையைக் கூட்டினால்தான் சாய்வு மாறும்.

தாய்மார்களே, அப்பர் தைக்கும் கூலியிலும் இதே கணக்கு இருக்கிறது. ஒருவர், ‘வாரம் 100 ரூபாய் தனியாகத் தருகிறேன், ஜோடிக்கு 10 ரூபாய்’ என்கிறார். இன்னொருவர், ‘தனியாக ஒன்றும் இல்லை, ஜோடிக்கு 12’ என்கிறார். முதல் கோடு ஒய் = 10எக்ஸ் + 100, இரண்டாவது ஒய் = 12எக்ஸ். வாரம் 50 ஜோடி தைத்தால் இரண்டிலும் 600 ரூபாய். அதற்குக் குறைவாகத் தைப்பவருக்கு முதல் ஆள், அதிகம் தைப்பவருக்கு இரண்டாவது ஆள். இவை நாம் எடுத்துக்காட்டுக்காகப் போட்ட எண்கள்தான், உங்கள் உண்மையான கூலியைப் போட்டு உங்கள் பிள்ளையிடம் கணக்குக் கேளுங்கள். கையில் தரும் முன்பணம் வெட்டுத்துண்டை மட்டுமே உயர்த்தும். ஜோடிக்கு என்ன தருகிறார்கள் என்பதே சாய்வு. முன்பணத்தைப் பார்த்து மயங்கிச் சாய்வைக் கேட்காமல் வந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இன்னும் இரண்டு வகைக் கோடுகளைச் சொல்லிவிட வேண்டும், தேர்வில் பிள்ளைகளைத் திணறவைப்பவை அவை. ஒய் = 5 என்று மட்டும் இருந்தால் எக்ஸே இல்லையே என்று திகைக்கக் கூடாது. எக்ஸின் கெழு பூஜ்யம், ஆகவே சாய்வு பூஜ்யம், தரை போலப் படுத்திருக்கும் கோடு. எக்ஸ் = 5 என்று இருந்தால் ஒய்யைத் தனியாக்க வழியே இல்லை, ஏனென்றால் ஒய்யே இல்லை. சுவர் போல நிற்கும் கோடு அது, சாய்வு வரையறுக்கப்படவில்லை என்று எழுத வேண்டும். பூஜ்யம் என்று எழுதினால் தவறு.

தரைக்கும் சுவருக்கும் நடுவில்தான் நம் பள்ளிவாசல் வாசலில் சக்கர நாற்காலிக்குப் போடும் சரிவுப்பாதை இருக்கிறது. அதற்கு நம் நாட்டின் வழிகாட்டு விதி 12-க்கு 1, அதாவது 12 அடி நீளத்துக்கு 1 அடிதான் ஏறலாம். சமன்பாடாக எழுதினால் எக்ஸ் − 12ஒய் = 0. அவசரக்காரப் பிள்ளை 12-ஐப் பார்த்துச் சாய்வு 12 என்று எழுதிவிடும். ஓர் அடி நகர்ந்தால் பன்னிரண்டு அடி ஏறுவது பாதையா, ஏணியா? ஒய்யைத் தனியாக்குங்கள், ஒய் = (1/12) எக்ஸ். ஆறு அங்குலப் படி மூன்று இருக்கும் வாசல் என்றால் உயரம் ஒன்றரை அடி, பாதை 18 அடி வேண்டும். பல பள்ளிவாசல்களில் இடம் இல்லை என்று ஐந்தாறு அடியில் முடித்துவிடுகிறார்கள். பின்னால் ஆள் தள்ளினாலும் அதில் வயதானவர்களை ஏற்றுவது கஷ்டம். கட்டடப் பொறுப்பாளர்கள் இங்கே இருந்தால் இதையும் மனதில் வையுங்கள்.

செங்குத்துக் கோடுகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஒன்றின் சாய்வு 2/5 என்றால் அதற்குச் செங்குத்தானதன் சாய்வு −5/2, இரண்டையும் பெருக்கினால் −1 வர வேண்டும். பின்னத்தைக் கவிழ்த்து, குறியை மாற்றினால் போதும்.

சாய்வைப் புத்தகம் டேன் தீட்டா என்றும் எழுதும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கோடு தரையோடு செய்யும் கோணத்தை வைத்து அதே ஏற்றத்தைச் சொல்லும் வழி அது. பழைய அரபு வானியலாளர்கள் இதை ‘ழில்’, நிழல், என்றே அழைத்தார்கள். அல்பீரூனி நிழல்களைப் பற்றி மட்டுமே ஒரு நூல் எழுதினார். குச்சியை நட்டு, நிழல் குச்சியைப் போல் ஒரு மடங்கா இரண்டு மடங்கா என்று பார்த்து அஸர் நேரம் குறித்த முன்னோர் பார்த்ததும் உயரத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம்தான். குச்சியும் நிழலும் சமமானால் கோணம் 45 பாகை, சாய்வு 1.

பெற்றோர்களிடம் ஒரு கோரிக்கை. ‘எனக்கும் கணக்கு வராது, இவனுக்கும் வராது’ என்று பிள்ளையின் காதில் விழும்படி பேசாதீர்கள். மார்ச் மாதம் வரை பையனை ஓவர்டைமுக்கோ கடைக்கோ அனுப்பாதீர்கள். வீட்டுச் செலவுக்கு அது இல்லாமல் முடியாது என்றால் எங்களிடம் வந்து சொல்லுங்கள், அறக்கட்டளையில் பார்ப்போம். பெண் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு முடிந்து வீடு திரும்பத் துணை வேண்டும் என்று சில தாய்மார்கள் கேட்டிருந்தார்கள், அதற்கு ஏற்பாடு செய்திருக்கிறோம். வகுப்பு அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்கி மஃரிபுக்கு முன் முடிந்துவிடும். சென்ற முறை கணக்கில் தவறியவர்களும் வந்து உட்காரலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

பிள்ளைகளே, அடுத்த வகுப்புக்கு வரும்போது ஐந்து கணக்கு போட்டு வாருங்கள். 5எக்ஸ் − 2ஒய் + 8 = 0, இதன் சாய்வு. 6எக்ஸ் + 3ஒய் = 7, இதன் சாய்வு. ஒய் + 9 = 0, இதற்கும் சாய்வு உண்டா? 4எக்ஸ் − 8ஒய் = 3 என்ற கோடும் எக்ஸ் − 2ஒய் + 5 = 0 என்ற கோடும் இணையா? ஐந்தாவது வீட்டில் செய்ய வேண்டியது. கம்பெனியில் இருக்கும் அத்தாவிடமோ மாமாவிடமோ ஏதாவது ஒரு ஐரோப்பிய சைஸின் லாஸ்ட் நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்துவரச் சொல்லுங்கள். 2எக்ஸ் − 3ஒய் = 0 என்பதில் அதைப் போட்டு சைஸ் சரியாக வருகிறதா பாருங்கள். 26 சென்டிமீட்டர் என்றால் என்ன சைஸ் என்று அவர்களிடமே முதலில் கேளுங்கள், பிறகு நீங்கள் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.